கணக்குக் கேட்கும் கடமை



குடிமையியல் நீங்கள் பள்ளியில் பயிலும் பாடங்களுள் ஒன்று. நாடாளுமன்றத்துக்கு எத்தனை அவைகள், குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் எவ்வளவு என்று வினவினால் தயங்காது விடை கூறுவீர்கள். உங்கள் ஊரின் தெருவிளக்குகளுக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? முதல்வகை அறிவு தேர்வுக்கு உதவும். இரண்டாம் வகை அறிவே குடியாட்சியைக் காக்கும். அவ்வறிவைப் பெறும் வழியைப் பற்றி இன்று சில கூற விழைகிறேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த அவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுத்தான். அதனைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும் என்பது விதி. வேறோர் ஓலையைக் கையில் மறைத்திருப்பாரோ என்ற ஐயத்துக்கும் இடம் வைக்கவில்லை.

இக்குடவோலை முறையை நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் அங்கேயே பொறிக்கப்பட்டுள்ள மற்றொரு விதியை எண்ணிப் பார்ப்பதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு உரியவர் ஆகார் என்பதே அது. பொதுப்பணத்தைக் கையாண்டவர் அதற்குக் கணக்குக் காட்டியே தீரவேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்தார்கள் அன்றோ?

எனினும் முழு உண்மையையும் கூறுதல் வேண்டும். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வாரியங்களில் இடம் இருந்தது. பெண்டிர்க்கு இடமில்லை, பிறர் நிலத்தை உழுது பிழைத்தவர்க்கும் இடமில்லை. இன்று நமக்குக் கிடைத்திருப்பது அதனினும் பெரிய உரிமை. அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆவர். அங்கே நிலக்கிழாருக்கும் ஒரு குரல்தான். கூலி வேலைக்குச் செல்லும் மூதாட்டிக்கும் ஒரு குரல்தான்.

நிற்க. உரிமை இருந்தும் கூட்டத்துக்கு வருவோர் எத்தனை பேர்? கூட்டம் முடிந்த பிறகு, பதிவேட்டை வீடு வீடாக எடுத்துச் சென்று கையொப்பம் பெற்ற ஓர் ஊரை நான் அறிவேன். அவ்வூரில் எந்தச் சாலையை முதலில் செப்பனிடுவது, எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போடுவது என்பவற்றை நான்கைந்து பேரே முடிவு செய்தனர். கோடையில் குடத்தோடு நெடுந்தொலைவு நடந்த பெண்கள், அம்முடிவு தங்கள் பெயராலேயே செய்யப்பட்டது என்பதை அறியார். கேளாத ஊருக்கு நேரும் இழப்பு இத்தகையது.

கேட்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், மாணவர் மன்றத்தின் வரவு செலவை மாதந்தோறும் மாணவப் பொருளாளன் எல்லோர் முன்னிலையிலும் படித்தல் வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தேன். ஒரு மாதம், இருபது மரக்கன்றுகள் வாங்கிய செலவைப் படித்தான். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, நான் எண்ணிப் பார்த்தேன். பதினேழு கன்றுகளே நட்டிருக்கின்றன. மற்ற மூன்றும் எங்கே?" என்றாள். சிலர் நகைத்தனர். பொருளாளன் சினம் கொள்ளவில்லை. மூன்று கன்றுகள் வழியிலேயே வாடிப்போயின என்றும், அதைக் கணக்கில் குறித்திருக்க வேண்டும் என்றும் கூறி, அப்போதே ஏட்டில் எழுதினான். அம்மாணவி அவனைக் கள்வன் என்று கூறவில்லை. அவனும் அவளைப் பகைவி என்று கருதவில்லை. பணிவோடு கேட்பதும் நாணமின்றி விடை கூறுவதுமாகிய இவ்விரண்டும் கைவந்தவர்களே நாளைய ஊராட்சியை நடத்தத் தக்கவர்கள்.

நீங்கள் செய்யத்தக்கவை யாவை? தமிழ்நாட்டில் முன்பு ஆண்டுக்கு நான்கு நாள்களாக இருந்த கிராம சபைக் கூட்டங்களை ஆறாக உயர்த்தி 2022ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாள்கள். நகரத்தில் வாழ்வோர்க்குப் பகுதி சபை உண்டு. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் பெற்றோருடன் செல்லுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் உறுப்பினர் ஆகார். ஆயினும் அமர்ந்து கேட்டால் அறியத்தக்கவை மிகப் பல. படிக்கப்படும் கணக்கில் ஒரே ஒரு செலவைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அப்பணியை நேரில் சென்று பாருங்கள். ஐயம் தோன்றினால் பெற்றோர் வாயிலாக அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். அங்கே விடை கிடைக்காவிடின், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் பொதுவாக முப்பது நாள்களுக்குள் விடை தருதல் அலுவலரின் கடமையாகும்.

கல்லூரி மாணவர்களுக்கு மற்றொன்று. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது 1989ஆம் ஆண்டில். இளைஞரை நம்பி நாடு அளித்த பொறுப்பு அது. 17 வயது நிரம்பியவுடனேயே பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். தேர்தல் வரட்டும் என்று காத்திராதீர்கள்.

வாக்களிப்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் கடமை. கணக்குக் கேட்பதோ ஆண்டு முழுவதும் செய்யும் கடமை. முன்னையதை மட்டும் செய்து பின்னையதை விட்டவர், விதைத்துவிட்டு வயற்பக்கம் போகாத உழவரை ஒப்பர். நீங்கள் வயலைக் காக்கும் உழவர்களாக விளங்குவீர்களாக!