காலம் குறிக்கும் முறை



நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம், திருக்கோகர்ணம் என்று புதுக்கோட்டைச் சீமையின் ஊர்ப் பெயர்களைச் சொன்ன அளவிலேயே கல்வெட்டுகள் நினைவிற்கு வருகின்றன. 1929ஆம் ஆண்டில் புதுக்கோட்டை சமஸ்தானத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடத்தைத் தொகுத்து அச்சிட்டனர். அத்தொகுப்பில் கல்வெட்டுகள் ஊர் வாரியாக அடுக்கப்படவில்லை. அரச மரபு வாரியாக அடுக்கப்பட்டன. இதற்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் பெரும்பாலும் ஆண்டைத் தொடர் எண்ணால் குறிக்கவில்லை. அரசன் பட்டம் ஏறியதிலிருந்து எத்தனையாவது ஆண்டு என்றே குறித்தனர். ஆகவே, அரசன் இன்னான் என்று தெரிந்தால்தான் ஆண்டு இன்னது என்று தெரியும்.

சோழர் கல்வெட்டு ஒன்று, ‘கோப்பரகேசரி வர்மர்க்கு யாண்டு பத்தாவது’ என்று தொடங்குவதாகக் கொள்வோம். பரகேசரி என்பது ஒருவருடைய பெயர் அன்று; இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களைச் சோழ மன்னர்கள் மாறி மாறித் தாங்கி வந்தனர். விசயாலயனும் பரகேசரி, அவன் பேரன் முதற் பராந்தகனும் பரகேசரி. பராந்தகன், ‘மதிரை கொண்ட’ என்ற அடைமொழியைச் சேர்த்தபோது நமக்கு ஐயம் தீர்ந்தது. அவ்வடைமொழி இல்லாத இடங்களில் எழுத்தின் வடிவத்தையும் பிற குறிப்புகளையும் கொண்டு அறிஞர்கள் வழக்காட வேண்டியிருக்கிறது. கல் பொய் சொல்லவில்லை. பத்து என்ற எண்ணும் பிழையன்று. எந்த அளவுகோலில் பத்து என்பதைச் சொல்லாமையே குறை.

இவ்வளவும் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். இன்று கணிப்பொறி பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் இதே இடரை நாள்தோறும் எதிர்ப்படுகின்றனர். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, மருத்துவமனையின் பிறப்புக் குறிப்பு, வங்கியின் வரவு செலவு ஆகிய அனைத்தும் இன்று தரவுத்தளம் எனப்படும் கணிப்பொறிப் பேரேட்டில் ஏறுகின்றன. அப்பேரேட்டோடு நேரே உரையாடுவதற்குக் கட்டளைவரிக் கருவிகள் உள்ளன. அவற்றில் படமில்லை, பொத்தானில்லை. வெறுந்திரையில் ஒரு வரி எழுதினால் ஒரு வரி விடை வரும். போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் என்பன பலரும் கையாளும் தரவுத்தளங்கள். இம்மூன்றும் காலக்குறியை எவ்வாறு படிக்கின்றன என்பதைச் சற்றே ஆராய்வோம்.

ஒரு குழந்தை 2012ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் பிறந்தது. பதிவேட்டில் நம் வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் 10/08/12 என்று சுருக்கமாக எழுதியிருக்கிறார்கள். இதை அப்படியே போஸ்ட்கிரஸிடம் கொடுங்கள். மாதம் முன்னே வரும் அமெரிக்க வரிசையில் அது அமைக்கப்பட்டிருந்தால், 2012 அக்டோபர் 8 என்று கொள்ளும். நாள் முன்னே வரும் வரிசையில் அமைத்திருந்தால் ஆகஸ்டு 10 என்று சரியாகக் கொள்ளும். மைஎஸ்கியூஎல்லோ ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையையே எதிர்பார்ப்பது; அது 2010 ஆகஸ்டு 12 என்று பதிந்துவிடும். எஸ்கியூலைட்டுக்குத் தேதிக்கென்று தனி வகையே கிடையாது. எழுத்து வரிசையாகவே எடுத்து அப்படியே வைத்துக்கொள்ளும். ஒரே குறிப்பு, நான்கு விளைவு. ஓரிடத்தில் குழந்தைக்கு இரண்டு வயது கூடிவிட்டது.

பிழை நேர்ந்தால் கருவி எச்சரிக்காதா என்று கேட்பீர்கள். சிலபோது எச்சரிக்கும், சிலபோது எச்சரிக்காது. மாதம் முன்னே வரும் அமைப்பில் 25/08/2012 என்று கொடுத்தால், இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லையாதலின் போஸ்ட்கிரஸ் அதை ஏற்க மறுக்கும். நாளின் எண் 12க்கு மேற்படாதபோதோ மறுப்பதற்குக் காரணமே இல்லை. கணக்கிட்டுப் பாருங்கள். மாதந்தோறும் முதற் பன்னிரண்டு நாள்கள்; பன்னிரண்டு மாதத்திற்கு 144 நாள்கள். அவற்றுள் ஜனவரி 1, பிப்ரவரி 2, மார்ச் 3 என்று நாளும் மாதமும் ஒத்துவரும் 12 நாள்களைத் தள்ளினால் மிகுவது 132. ஆண்டின் 365 நாள்களில் 132 நாள்கள் ஓசையின்றி வேறு நாளாக மாறிவிடக் கூடியவை. மறுக்கப்பட்ட வரிகளை மட்டும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து செல்பவர், இந்த 132இல் மறைந்திருக்கும் பிழைகளைக் காணவே மாட்டார். உரத்துக் கூவும் பிழையைவிட வாய் திறவாத பிழையே கொடியது.

ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதும் பழக்கமும் இத்தகையதே. நம் நாட்டில் பிரபவ, விபவ என்று அறுபது ஆண்டுப் பெயர்கள் சுழன்று வருவதை அறிவீர்கள். பிரபவ ஆண்டில் பிறந்தவர் என்றால் 1927இல் தொடங்கிய பிரபவவா, 1987இல் தொடங்கிய பிரபவவா? ஆளை நேரில் கண்டால் விளங்கும். ஏட்டில் மட்டும் கண்டால் விளங்காது. இரண்டு இலக்க ஆண்டு நூறாண்டுச் சுழற்சி, வேறுபாடு அவ்வளவே. மைஎஸ்கியூஎல்லில் 70 முதல் 99 வரை எழுதினால் 1900களாகவும், 00 முதல் 69 வரை எழுதினால் 2000களாகவும் கொள்ளப்படும். ஆகவே, 58 என்று பிறந்த ஆண்டைக் குறித்த ஒரு பெரியவர் 2058இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிடுவார். பிறக்காத ஒருவருக்கு ஓய்வூதியம் எப்படி வரும்?

இனி, நாளிலிருந்து நாழிகைக்கு வருவோம். நேரம் என்பது இடத்தைச் சார்ந்தது. இந்தியப் பொது நேரம், உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியது. 1947 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிய நள்ளிரவில் பாரதம் விடுதலை பெற்றது. அதே கணத்தை உலகப் பொது நேரத்தில் எழுதினால் ஆகஸ்டு 14, மாலை 6 மணி 30 நிமிடம். இரண்டும் மெய், ஆனால், நாளே மாறிவிட்டது. எஸ்கியூலைட்டில் ‘இப்போது மணி என்ன’ என்று கேட்டால் உலகப் பொது நேரத்தையே சொல்லும். புதுக்கோட்டையில் காலை எட்டு மணிக்குக் கேட்பவருக்கு இரண்டரை மணி என்று விடை வரும். கருவி பழுதன்று, அது வேறோர் அளவுகோலில் பேசுகிறது.

போஸ்ட்கிரஸில் நேர வலயத்தோடு கூடிய காலக்குறி என்று ஒரு வகை உண்டு. பெயரைக் கண்டு, நாம் எழுதிய வலயத்தை அது நினைவில் வைத்திருக்கும் என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. எழுதியதை உலகப் பொது நேரமாக மாற்றி வைத்துக்கொள்ளும். கேட்பவர் எந்த வலயத்தை அமைத்திருக்கிறாரோ அவ்வலயத்தில் காட்டும். வலயத்தை ஆசியா/கொல்கத்தா என்று அமைத்துக்கொண்டால் நம் நேரம் +05:30 என்ற குறியோடு தோன்றும். அதே வலயத்தில் 1905ஆம் ஆண்டின் ஒரு நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். +05:30க்கு மாறாக +05:21:10 என்று வரும். இதைப் பிழை என்று எண்ண வேண்டா. 1906 ஜனவரி முதல் நாளன்றுதான் இந்தியப் பொது நேரம் ஏற்பட்டது. அதற்கு முன் இருப்புப்பாதைகள் சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரத்தையே பின்பற்றின. அச்சென்னை நேரத்தைக் கணிப்பொறி இன்றும் மறக்கவில்லை! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளி வைத்தனர். 1945 அக்டோபர் 15 வரை இருந்த அந்த +06:30ஐயும் அது நினைவில் வைத்திருக்கிறது.

இதிலிருந்து ஒரு நுட்பம் புலனாகிறது. பிறந்த நாள் வேறு. ஒரு நிகழ்ச்சி நிகழ்ந்த கணம் வேறு. விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தையின் பிறந்த நாளைக் கணமாகப் பதிந்து, உலகப் பொது நேரத்தில் இயங்கும் கணிப்பொறியிலிருந்து நாளை மட்டும் பிரித்தெடுத்தால் முந்தின நாள் வந்து நிற்கும். ஒரு நாள்தானே என்று சொல்ல முடியாது. வயது வரம்பு கணக்கிடும் தேர்வுகளில் ஒரு நாள் குறைந்தாலும் கூடினாலும் ஒரு மாணவனின் ஓராண்டு போகும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பதிவேடுகளோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும் அந்த ஒரு தேதி மாணவனை வேலைக்கும், ஓய்வுக்கும், அதற்கு அப்பாலும் பின்தொடர்கிறது. ஆதலின் பிறந்த நாளை நாள் என்ற வகையிலேயே பதிக. வலயம் அதனைத் தீண்டலாகாது. நிகழ்ச்சிகளின் நேரத்தையோ வலயக் குறியோடு பதிக.

இக்குழப்பங்களுக்கெல்லாம் அப்பாற்பட்ட ஒரு முறையும் உண்டு. அது தொடக்கம் ஒன்றை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே போவது. யூனிக்ஸ் என்னும் இயக்கமுறை, 1970 ஜனவரி முதல் நாள், உலகப் பொது நேரம் நள்ளிரவு தொடங்கி எத்தனை நொடிகள் கழிந்தன என்று எண்ணுகிறது. 1660501800 என்ற எண்ணைப் போஸ்ட்கிரஸிடம் கொடுத்துக் காலமாக மாற்றச் சொன்னால், 2022 ஆகஸ்டு 15, இந்திய நேரம் நள்ளிரவு என்று விடை வரும். இம்முறை மேல்நாட்டார் புதிதாகக் கண்டது என்று கருத வேண்டா. கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரம் பற்றிய செப்பேட்டில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணி 14,49,087ஆம் நாள் என்று குறித்திருக்கிறான். அரசர் வரிசை தெரியாதவரும் அந்த ஓர் எண்ணைக் கொண்டு கி.பி. 866ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் என்று கண்டுவிடலாம்.

ஆயினும் எண்ணும் முறையிலும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, அலகு. சில மென்பொருள்கள் நொடியை ஆயிரம் கூறாக்கி எண்ணும். அப்போது பத்து இலக்க எண் பதின்மூன்று இலக்கமாகும். அதை நொடி என்று படித்தால் கி.பி. 54,000க்கும் அப்பால் போய்விடுவோம். இரண்டாவது, கொள்கலம். மைஎஸ்கியூஎல்லில் டைம்ஸ்டாம்ப் என்னும் வகை 2,147,483,647ஆம் நொடியோடு நிரம்பிவிடும். அது 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. நீங்கள் நடுவயதை அடையுமுன் வரப்போகிற நாள் அது.

அப்படியாயின் நாம் மேற்கொள்ள வேண்டிய நெறி யாது? 1988இல் உலகத் தர அமைப்பு எட்டாயிரத்து அறுநூற்றொன்று என்ற எண்ணுடைய தரத்தை வெளியிட்டது. அதன்படி ஆண்டு நான்கு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு. பெரியது முன், சிறியது பின். 2012-08-10 என்று எழுதினால் மேற்சொன்ன மூன்று தரவுத்தளங்களும் ஒரே நாளாகவே கொள்ளும். எழுத்து வரிசையில் அடுக்கினாலும் கால வரிசையிலேயே நிற்கும். 02/01/2010, 01/12/2011 என்ற இரண்டையும் எழுத்தாக அடுக்கிப் பாருங்கள். பிந்தியது முன்னே வந்து நிற்பதைக் காண்பீர்கள். கட்டளைத் திரையைத் திறந்ததும் வலயம் எது, தேதி வரிசை எது என்று முதலில் கேட்டறிந்து, பின்னர் எழுதத் தொடங்குங்கள். பழைய பதிவேட்டை ஏற்றும்போது வரிசை இன்னது என்று கருவிக்கு வெளிப்படச் சொல்லுங்கள்; ஊகிக்க விடாதீர்கள்.

ஏற்றிய பின் சரிபார்ப்பதற்கு நம் முன்னோர் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். கல்வெட்டில் ஆண்டோடு நிறுத்தாமல் கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவற்றையும் அவர்கள் சேர்த்துப் பொறித்தது உண்டு. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அவர்கள் கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாள்களுக்குப் பெருங்கணிதம் செய்து 1922இல் வெளியிட்டார். அந்நூலைக் கொண்டு அறிஞர்கள் எத்தனையோ கல்வெட்டுகளின் நாளை உறுதிசெய்தனர். பழனிக்கு அருகே ஐவர்மலையில் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டோடு சக ஆண்டு 792 என்பதும் பொறிக்கப்பட்டிருப்பதால், அவன் பட்டம் ஏறியது 862ஐ ஒட்டி என்று தெளிந்தோம். இரண்டு அளவுகோலும் ஒரே கல்லில் இருந்ததே அதற்குக் காரணம். நீங்களும் அவ்வாறே செய்யலாம். ஏற்றிய தேதிகளுள் சிலவற்றுக்குக் கிழமை என்ன என்று கருவியைக் கேளுங்கள். பள்ளி சேர்ந்த நாள் ஞாயிற்றுக்கிழமை என்று பல வரிகளில் வருமானால், வரிசை எங்கோ புரண்டிருக்கிறது என்று அறியலாம்.

எழுதுகிறவருக்குத் தம் காலம் தெரியும். தம் ஊர் தெரியும். ஆகவே சொல்லாமல் விட்டுவிடுகிறார். படிக்கப்போகிறவரோ வேறு காலத்தவர், வேறு ஊரவர். அவர் பொருட்டு ஆண்டின் நான்கு இலக்கத்தையும், வரிசையையும், வலயத்தையும் முழுமையாக எழுதும் சிறு பொறுமையை இன்றே பழகுங்கள்.