ஒரு கையில் மட்டும் நகம்

(புதூர் வட்டார ஆசிரியர் கூட்டத்தில் இடைநிலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளின் நகத்தைப் பார்ப்பது எங்கள் பள்ளி வழக்கம். ஒருநாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க இந்தக் கையில மட்டும் வெட்டலையே?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. அன்றுதான் என் ரகசியம் பள்ளிக்குத் தெரிந்தது. 46 வயதில் நான் கிளாசிக்கல் கிட்டார் கற்கச் சேர்ந்திருந்தேன்.

அந்தக் கருவியில் இடக்கை விரல் நுனிகள் தந்தியை அழுத்த வேண்டும். அங்கே நகம் இடைஞ்சல். வலக்கை விரல்கள் தந்தியை மீட்ட வேண்டும். அங்கே நகம் தேவை. மேடைக் கச்சேரிகளில் நாம் பார்க்கும் கிட்டார்களில் பெரும்பாலும் எஃகுக் கம்பி இருக்கும். இதில் நைலான் தந்திகள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இதற்கு விலங்கின் குடலைத் திரித்துத் தந்தி செய்தார்கள். கட்டைவிரல் தாழ்ந்த சுரங்களை வாசிக்க, அடுத்த மூன்று விரல்கள் மெட்டை வாசிக்கும். பாட்டும் துணையும் ஒரே ஆள் கையில்.

"கரிசக்காட்டுல கிட்டாரா?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். மேல்நாட்டுக் கருவி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரின் வயலினைக் கற்று, அதில் நம் இசையை வாசித்தவர். அவர் வாழ்ந்து வாசித்த இடம் நமக்கு அருகிலுள்ள எட்டயபுரம் அரண்மனை. அவருடைய பேரனும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர் 1839இல் பிறந்தவர். வாய்வழியாகப் பாடம் கேட்ட பரம்பரை. அவரோ முதுமையில், கமகங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறியீடு வைத்துக் கீர்த்தனைகளை எழுதி, 1904இல் எட்டயபுரத்திலிருந்தே 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 65.

கிட்டாருக்கு வந்தால் இளையராஜாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை விட்டு, அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போனவர். 1968இல் சென்னைக்கு வந்தபோதே அவருக்கு மேடை அனுபவம் நிறைய இருந்தது. ஆனாலும் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்து மேல்நாட்டு இசையை முறையாகக் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். கைப்பழக்கம் இருந்தும் முதல் பாடத்துக்குத் திரும்பிய அந்த மனத்தைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

இனி என் கதை. சனிக்கிழமைதோறும் கோவில்பட்டிக்குப் பேருந்து ஏறுவேன். எனக்குக் கற்றுத் தருபவருக்கு வயது 27. அவர் என்னை "டீச்சர்" என்பார். நான் அவரை "சார்" என்பேன். முதல் பயிற்சி நான்கே சுரங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும். ஒரே விரல் அடுத்தடுத்து இருமுறை வரக்கூடாது. இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது. விரலுக்கு வர மூன்று வாரம் ஆனது. விரல் நுனி காந்தியது. பக்கத்தில் இருந்த ஐந்தாம் வகுப்புப் பையன் அதை அலட்டாமல் வாசித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

எனக்குத் தைரியம் சொல்வதற்காக சார், "இது ரொம்ப ஈஸிதான் டீச்சர்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எளிதான ஒன்றே வரவில்லை என்றால் நான் எவ்வளவு மந்தம் என்றுதான் தோன்றியது. அவர் புரிந்துகொண்டார். "சரி, இடக்கையை எடுத்துருங்க. வலக்கை மட்டும். மெதுவா" என்றார். அடுத்த வாரம் இடக்கை மட்டும். அதற்கு அடுத்த வாரம் இரண்டும். வந்துவிட்டது.

பேருந்தில் திரும்பும்போது என் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். கேட்டால் பதில் சொல்வான். எழுதச் சொன்னால் நோட்டைக் கையால் மறைத்துக்கொள்வான். "இது ஈஸிதானடா, இன்னுமா முடிக்கலை?" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! சில நாட்களாக அவன் பள்ளிக்கு வருவதும் குறைந்திருந்தது. அவன் அம்மா தீப்பெட்டி ஆலைக்குப் போய்விடுவார். அதைத்தான் காரணம் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

திங்கட்கிழமை அவன் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். கரும்பலகையில் இருந்த எட்டு வரிகளை விட்டுவிட்டு, "மூணு எழுத்து மட்டும் எழுது தம்பி, நேரம் எடுத்துக்கோ" என்றேன். பென்சிலை அவன் பிடிக்கும் விதத்தை அன்றுதான் உற்றுப் பார்த்தேன். முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். அப்படிப் பிடித்தால் யாருக்கும் இரண்டு வரிக்குள் கை வலிக்கும். முதலில் பிடியை மட்டும் திருத்தினோம். பிறகு எழுத்து. பிறகு சொல். இப்போது ஐந்து வரி எழுதுகிறான். இன்னும் மெதுவாகத்தான் எழுதுகிறான். ஆனால் நோட்டை மறைப்பதில்லை, நாள்தோறும் வருகிறான்.

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்கிறோம். அரும்பில் இருப்பது எப்படி இருக்கும் என்பதை நான் கிட்டாரில்தான் தெரிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு முதல் நிலைத் தேர்வு எழுதினேன். காத்திருந்தவர்களில் நான் மட்டும்தான் பெரியவள். நடுவில் ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. தேர்வாளர் எதுவும் சொல்லாமல் காத்திருந்தார். மூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தேன். தேர்ச்சிக்கு 60 வேண்டும், எனக்கு 68. மதிப்பெண்ணைவிட அந்தச் சில நொடிப் பொறுமைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் கைக்குப் பழகாத ஏதாவது ஒன்றை இந்த ஆண்டு கற்கத் தொடங்குங்கள். நீச்சலோ தையலோ பறையோ, எதுவானாலும் சரி. இன்னொன்று, திணறும் பிள்ளையிடம் "ஈஸிதானே" என்று சொல்லாதீர்கள். "கஷ்டம்தான், வா, ஒண்ணொண்ணாப் பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள்.

நகம் பார்த்த அந்தச் சிறுமி இப்போது தினமும், "டீச்சர், நேத்து வாசிச்சீங்களா?" என்று கேட்கிறாள். வீட்டுப்பாடம் முடிக்காமல் அவள் முன் நிற்க முடியவில்லை.