புழு சிறிதாக இருக்கும்போதே



1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. அன்று முதல் கம்பம் பள்ளத்தாக்கில் மண் ஓய்ந்ததில்லை. நெல், வாழை, திராட்சை, தக்காளி என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று. பயிர் ஓயாத ஊரில் பூச்சியும் ஓயாது. பூச்சி ஓயாத ஊரில் மருந்துக்கடையும் ஓயாது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பச்சைப் புழு. அதை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் கொண்டைக்கடலைக் காட்டுக்குப் போக வேண்டும். அது நம் பள்ளத்தாக்கின் பெரிய பயிர் இல்லை. விளாத்திகுளம் கரிசலிலும் உடுமலைப் பக்கமும் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் விளைவிப்பார்கள். இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் புளிக்கும். அந்தப் புளிப்பைத் தாண்டி வருகிறது இந்தப் புழு. தலையைக் காய்க்குள் நுழைத்து, உடம்பை வெளியே விட்டுக்கொண்டு, பருப்பைத் தின்னும். ஒரே புழு வளர்ந்து முடிவதற்குள் முப்பது, நாற்பது காயைக் காலி செய்துவிடும். நம் தக்காளியைத் துளைப்பதும் இதேதான். மொச்சையில் இருப்பதும் இதேதான், பருத்தியிலும் இதேதான்.

விஷம் அடித்தால் போய்விடுமா? 1987-இல் ஆந்திரப் பருத்திக் காடுகளில், அப்போது புதிதாக வந்திருந்த பைரித்திராய்டு மருந்துகளுக்கு இந்தப் புழு மசியவில்லை. மருந்து தோற்றது, விளைச்சல் போனது, கடன் மட்டும் நின்றது.

ஆனால் இந்தப் புழுவுக்கும் நோய் வரும். என்.பி.வி. என்ற வைரஸ் இலையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால், புழு இரை எடுப்பதை நிறுத்தும். செடியின் உச்சிக்கு ஏறும். அங்கே தலைகீழாகத் தொங்கி, தோல் கிழிந்து, கூழாக ஒழுகிச் சாகும். அந்தக் கூழ் படிந்த இலையைத் தின்கிற அடுத்த புழுவுக்கும் அதே கதிதான்.

இந்த வைரஸையே மருந்தாக ஊரிலேயே தயாரித்தவர்கள் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஊறவைத்த கொண்டைக்கடலையில் வைரஸைத் தடவி, அதையே புழுவுக்கு இரையாகக் கொடுத்தார்கள். குப்பிக்கு ஒரு புழுதான் விடுவார்கள். சேர்த்து விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். செத்த புழுக்களை அரைத்துத் துணியில் வடித்தால் அதுதான் மருந்து. நோயில் செத்த ஒரு முழுப் புழுவின் அளவை ஒரு எல்.இ. என்பார்கள். அதில் 600 கோடி வைரஸ் துகள்கள். கொண்டைக்கடலைக்கு ஏக்கருக்கு 100 எல்.இ. போதும். தேனீயை அது தொடாது, ரெட்டைவால் குருவியைத் தொடாது, களை எடுக்கும் பெண்ணைத் தொடாது.

பிறகு ஏன் நம் ஊரில், “அது கேட்காதுங்க” என்கிறார்கள்? நானே ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். தக்காளியில் புழு விரல் நீளம் வளர்ந்த பிறகு, காலை பதினோரு மணி வெயிலில் அடித்தேன். இரண்டு நாள் பார்த்தேன், புழு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் விஷம் வாங்கிவந்தேன். தவறு மருந்தில் இல்லை. வெயில் பட்டால் வைரஸ் செத்துப்போகும். சாயங்காலம்தான் அடிக்க வேண்டும், கொஞ்சம் வெல்லம் கரைத்து அடிக்க வேண்டும். பெரிய புழு அதற்குச் சீக்கிரம் மசியாது. சின்னப் புழுதான் சாகும். அதற்கும் ஐந்தாறு நாள் பொறுக்க வேண்டும். உயிருள்ள மருந்தை நாம் விஷத்தைக் கையாளுவது போலவே கையாண்டு, அது தோற்றுவிட்டது என்று பட்டம் கட்டுகிறோம். இது அநியாயம்.

உயிரை உயிரால் அடக்கும் பொறுமைக்கு நம் மாநிலத்திலேயே பலன் கிடைத்திருக்கிறது. 2008-இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது.

சரி, புழு சிறிதாக இருப்பது யாருக்குத் தெரியும்? இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் ஆண் அந்துப்பூச்சி வந்து விழுவது தெரியும். அதற்கும் முன்னால் களை எடுக்கும் பெண்களுக்குத் தெரியும். குனிந்து வேலை செய்கிறவர்கள் அவர்கள்தான். பூவிலே ஓட்டை இருப்பதை அவர்கள் பார்த்து எத்தனையோ நாள் கழித்துத்தான் வரப்பில் நிற்கிற நாம் பார்க்கிறோம். அவர்களிடம் கேட்காமல் கடைக்காரரிடம் போய்க் கேட்கிறோம். கடைக்காரர் காட்டைப் பார்க்கவில்லையே, ஐயா!

கையில் வைரஸ் கிடைக்காவிட்டால் வேப்பங்கொட்டை இருக்கிறது. ஏக்கருக்குப் பத்துக் கிலோ பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, இருநூறு லிட்டராக்கிச் சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே அடியுங்கள். குருவி வந்து உட்காரக் காட்டில் ஆங்காங்கே குச்சி நடுங்கள். மற்றதைக் குருவி பார்த்துக்கொள்ளும்.

அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். புழு பெரிதான பிறகு பயிற்சி முகாம் வேண்டாம். பயிர் பூக்கும் முன்பே வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் இந்த வைரஸ் மருந்து குளிர்ச்சியில் இருப்பாக இருக்கட்டும்.

என் உழவர் சொந்தங்களே, நாளைச் சாயங்காலம் உங்கள் தக்காளிக் காட்டுக்குப் போங்கள். பத்துச் செடியின் பூவையும் பிஞ்சையும் புரட்டிப் பாருங்கள். புழு நகக்கண் அளவில் இருந்தால் விஷக்கடைக்குப் போகாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள், கரைசலோடு நான் வருகிறேன்.