வீட்டில் விஞ்ஞானம்

லேக் கார்டன்ஸ்வாசிகளாகிய நாங்கள், அடிக்கடி வரும் மாற்றல் உத்தரவுகளை எண்ணி, பதினான்கு வயது மகளை வீட்டிலேயே படிக்க வைத்திருக்கிறோம். கலைப் பட்டதாரிகளான எங்களுக்கு, விஞ்ஞான பாடங்களை எந்த வரிசையில் அமைப்பது என்பதே பெருங்கவலையாயிற்று.

1989இல் தொடங்கப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி கைகொடுத்தது. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுகளில் ஒன்பது பொதுத்தேர்வுகள்வரை எழுதலாம். தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டுவதில்லை. (பத்தாம் வகுப்பில் தமிழையும் ஒரு மொழியாகக் கொள்ளலாம் என்பது தனி மகிழ்ச்சி.) ஆகவே, பத்தாம் வகுப்புக்குப்பின் முதலில் கணிதத்தோடு பௌதிகம், அப்பால் இரசாயனம், இறுதியில் உயிரியல் என்று வகுத்தோம். உயிரணு சர்க்கரையிலிருந்து சக்தி பெறும் விதம், இரசாயனம் அறியாதார்க்கு வெறும் மனப்பாடமே அன்றோ?

மகளுக்கோ உயிரியலே உயிர். இரவீந்திர சரோவரத்துப் பறவைகளுக்குக் குறிப்பேடு வைத்திருப்பவள் அவள். "கடைசிவரை காத்திருப்பதா?" என்று அழுதாள். குறிப்பேடு தொடரட்டும், பரீட்சை மட்டும் பொறுக்கட்டும் என்று சமாதானமாயிற்று.

செய்முறைப் பயிற்சிதான் இடர். அமிலத்தைச் சமையலறையில் வைத்துக் கற்பிக்க இயலுமா? படிப்பு மையத்தில் தக்க ஆய்வுக்கூடம் உண்டா என்று, பதியும் முன்பே நேரில் பார்த்துவிடுதல் நலம். 1907இல் கணக்குத்துறை உத்தியோகத்துக்காக இந்நகர் வந்த சி. வி. இராமனும், அலுவல் நேரம் போக, பௌபஜார் விஞ்ஞான சங்கத்தின் ஆய்வுக்கூடத்தையே தேடிச் சென்றார்.