பேரைக் கேளுங்க!

லண்டன்ல செயின்ட் தாமஸ்னு ஒரு ஆஸ்பத்திரி. இன்னைக்குத் தேம்ஸ் கரையில, பார்லிமென்டுக்கு எதிரே இருக்கு. அது வேற இடத்துல இருந்த காலத்துல, 1860-ல, அங்கே நர்ஸ்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாங்க ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போர்ல அவங்க செஞ்ச சேவைக்காக ஜனங்க நிதி திரட்டிக் குடுத்தாங்க. சுமார் 45,000 பவுன். அந்தப் பணம்தான் பள்ளிக்கூடமாச்சு. இப்ப அது கிங்ஸ் காலேஜ்ல ஒரு பிரிவு.

பிரிட்டன்ல நர்சிங் பட்டப்படிப்பு பொதுவா 3 வருஷம். அதுல பாதி வகுப்பறை, பாதி வார்டு. நம்ம ஊர்ல பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். இங்கே படிச்சவங்க அங்கே நர்ஸாகணும்னா ஆங்கிலத் தேர்வு, கம்ப்யூட்டர்ல எழுதுற நர்சிங் தேர்வு, கடைசியா அங்கேயே போய் 'ஆஸ்கி'ன்னு ஒரு செய்முறைத் தேர்வு. இதெல்லாம் தேறி, அந்த நாட்டு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணணும். "வேலை வாங்கித் தர்றேன், கட்டணம் குடு"ன்னு ஏஜென்ட் கேட்டா உஷாரா இருங்க. பிரிட்டன் விதிப்படி அது தப்பு.

அந்தச் செய்முறைத் தேர்வுல கையைக் கழுவணும், நம்ம பேரைச் சொல்லணும், நோயாளியோட பேரையும் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்க்கணும்.

ஒரு அம்மா வீட்டுல வீட்டுக்காரரைக் கட்டில்ல படுக்க வச்சு ஒத்திகை பார்த்தாங்களாம்.

"உங்க முழுப் பேரு என்னங்க?"

அவர் சொன்னார்: "கல்யாணமாகிப் பத்து வருஷம் 'ஏங்க'ன்னே கூப்பிட்டே. இப்பவாவது கேட்டியே!"