நோட்டீஸ்: அஞ்சவும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்



சித்தூர்ச் சீமை மாங்காய்க்குப் பேர் போனது. தோத்தாபுரிக் காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. ஒரு விவசாயி மண்டிக்காரரிடம் காய் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 40,000 ரூபாய் வர வேண்டும். மண்டிக்காரர் செக் கொடுத்தார். பாங்கில் போட்டார். கணக்கில் பணம் இல்லை என்று செக் திரும்பி வந்தது. விவசாயி மண்டிக்கு நடந்தார். "அடுத்த வாரம் வாங்கண்ணா" என்றார் மண்டிக்காரர். அடுத்த வாரமும் அதே பதில். இரண்டு மாதம் ஓடியது. செருப்புத் தேய்ந்தது. அதோடு ஒரு கெடுவும் தாண்டிப் போனது. அது என்ன கெடு?

செக் திரும்பினால்

செக் திரும்பிய செய்தி பாங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள், செக் கொடுத்தவருக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். குற்றம் உறுதியானால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். இந்தச் சட்டம் 1989 முதல் இருக்கிறது.

விவசாயி 30 நாளைத் தவற விட்டார். ஆனாலும் ஒரு வழி உண்டு. செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை மறுபடியும் பாங்கில் போடலாம். மறுபடியும் திரும்பினால், அன்றிலிருந்து புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம்.

கடனுக்கு மூன்று ஆண்டு

புரோநோட்டுக் கடனுக்கும், கடனுக்கு விற்ற சரக்குக்கும் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். நோட்டீஸ் அனுப்பியதால் மட்டும் இந்தக் கெடு நீளாது. பலர் ஏமாறுவது இங்கேதான். கெடு முடியும் முன் கடன்பட்டவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். ஒரு பகுதி பணம் கட்டி, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அப்படியே.

நோட்டீஸ் எழுதும் முறை

வக்கீல்தான் எழுத வேண்டும் என்பது இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் தாமே எழுதலாம். எதிராளிக்குத் தெரிந்த மொழியில் எழுதுவது நல்லது. இவை இருக்க வேண்டும்:

1. இருவர் பெயர், முழு முகவரி, தேதி.
2. நடந்தது என்ன, எந்த நாளில்.
3. ரசீது எண் அல்லது செக் எண்.
4. எவ்வளவு பணம் தர வேண்டும்.
5. எத்தனை நாளுக்குள் தர வேண்டும்.
6. தராவிட்டால் என்ன செய்யப்போகிறார்.
7. கையெழுத்து.

திட்டு வேண்டாம். மிரட்டல் வேண்டாம். ஒரு நகலை வீட்டில் வையுங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. தபால் நிலையத்தில் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட் என்று கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வாங்கிய பொருள் கெட்டால்

வாங்கிய மோட்டார் பம்பு ஓடவில்லை. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. முதலில் நோட்டீஸ் அனுப்பிப் பார்க்கலாம். அனுப்பியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பல தகராறு அதிலேயே தீரும். தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சித்தூரிலும் உண்டு, திருப்பதியிலும் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். சேலத்து பக்தர் ஒருவர் திருமலைக் கோயிலில் ஒரு சேவைக்கு 2006-ல் 12,250 ரூபாய் கட்டியிருந்தார். அவர் முறை 2020-ல் வந்தது. கொரோனாவால் சேவை நடக்கவில்லை. வேறு தேதி கிடைக்காததால் அவர் சேலம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். ஓராண்டுக்குள் அந்தச் சேவைக்கு இடம் தர வேண்டும், இல்லையேல் 50 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2022-ல் ஆணையம் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கு உத்தரவிட்டது. பெரிய நிறுவனமானாலும் கேள்வி கேட்கலாம்.

வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால்

நோட்டீஸ் கோர்ட் உத்தரவு அல்ல. அதை வைத்துக்கொண்டு யாரும் வீட்டுச் சாமானைத் தூக்கிப் போக முடியாது. ஆனால் தபால்காரரிடம் வாங்க மறுக்காதீர்கள். முகவரி சரியாக இருந்தால், மறுத்த தபாலும் சேர்ந்ததாகவே கோர்ட் கருதும். படித்துப் பார்த்துப் பதில் எழுதுங்கள். கட்டிய பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று சொல்லுங்கள். கணக்குத் தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுப் புரோநோட்டில் போடவே வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். போன் எண் 15100. லோக் அதாலத்தில் இருவரும் சமாதானமாகப் பேசித் தீர்க்கலாம். அந்தத் தீர்ப்பே இறுதியானது.

அந்த விவசாயி போன்றவர்கள் இனி மண்டிக்கு நடப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்க்கட்டும். செக் திரும்பிய நாளை எழுதி வைக்கட்டும். எழுதக் கற்ற கைக்கு அது பெரிய வேலை இல்லை.