மெத்தைக்குள் ஒளிந்த பொம்மைகள்

இன்னைக்கு ஒரே ஒரு புத்தகம்தான். ‘தி ஹேர் வித் ஆம்பர் ஐஸ்’, 2010-ல் வந்தது. எழுதினவர் எட்மண்ட் டி வால். அடிப்படையில் அவர் எழுத்தாளர் இல்லை, பீங்கான் பாத்திரம் வனையும் கலைஞர். அது ஏன் முக்கியம்னு சொல்றேன்.

டோக்கியோவில் வாழ்ந்த அவரோட பாட்டியின் தம்பி இக்னாஸ்கிட்ட 264 நெட்சுகே இருந்தது. கிமோனோவுக்குப் பாக்கெட் கிடையாது. பையைக் கயிற்றில் கட்டி இடுப்புப் பட்டையில் தொங்கவிடுவாங்க. கயிறு நழுவாம இருக்க மேல ஒரு குட்டி பொம்மை. அதுதான் நெட்சுகே. தந்தத்திலோ மரத்திலோ செதுக்கினது, உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். இக்னாஸ் இறந்த பிறகு அது எட்மண்ட் கைக்கு வருது. ஒண்ணைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, ‘இதை யாரெல்லாம் தொட்டிருப்பாங்க?’ன்னு தேடக் கிளம்பறார். மண்ணைத் தொட்டே வாழ்ற ஆளுக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

எஃப்ரூசிங்கிற யூதக் குடும்பம். ஒடெசாவில் தானிய வியாபாரம், அப்புறம் பாரிஸ், வியன்னாவில் வங்கி. 1870-களில் பாரிஸில் சார்ல்ஸ் இதை வாங்கறார். ஒருமுறை மானேகிட்ட அஸ்பாரகஸ் கட்டு ஓவியம் வாங்கினப்ப, 800 ஃப்ராங்க் விலைக்கு 1000 அனுப்பிட்டார். மானே என்ன செஞ்சார் தெரியுமா? ஒத்தை அஸ்பாரகஸ் தண்டு ஒண்ணை வரைஞ்சு, ‘உங்க கட்டுல இது விட்டுப்போச்சு’ன்னு அனுப்பி வெச்சார். மீதிச் சில்லறை கொடுக்கற ஸ்டைலைப் பாருங்க!

1899-ல் வியன்னா உறவினர் விக்டருக்குக் கல்யாணப் பரிசா அந்தப் பொம்மைகள் போகுது. அவர் மனைவி எம்மி டிரஸ் பண்ணும்போது, குழந்தைகள் தரையில் உட்கார்ந்து விளையாடுவாங்க. பக்கத்தில் எம்மிக்கு உதவியா அன்னாங்கிற பணிப்பெண்.

1938 மார்ச். ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைச்சுக்கிறான். அந்த மாளிகையில் இருந்த ஓவியம், புத்தகம், வெள்ளி எல்லாத்தையும் கெஸ்டபோ கணக்கெடுத்துப் பிடுங்கறாங்க. பேக் பண்றதுக்கு அன்னாவையே வேலை வாங்கறாங்க. அவங்க தினமும் மூணு, நாலு நெட்சுகேயா பாக்கெட்ல போட்டுக்கிட்டு தன் ரூமுக்குப் போய், மெத்தைக்குள்ள ஒளிச்சு வெக்கறாங்க. அதே வருஷம் எம்மி செக்கோஸ்லோவாக்கியாவில் இறந்துடறார். போர் முடிஞ்சு, மகள் எலிசபெத் திரும்பி வந்தப்ப, 264-ம் பத்திரமா கைக்கு வருது.

இவ்வளவு தோண்டித் துருவினவருக்கு, அன்னாவோட முழுப் பெயர் மட்டும் தெரியலை. கேட்க முடிஞ்ச காலத்தில் கேட்கத் தோணலைன்னு அவரே எழுதறார். அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். சின்ன வயசில் என்னைப் பார்த்துக்கிட்ட ஆயா பேர் என்னம்மான்னு கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. “ஆயான்னுதானேடா கூப்பிடுவோம்... சித்தியைக் கேட்டுப் பார்க்கிறேன்.” சித்திக்கும் தெரியலை.

நேர்மையா சொல்லணும்னா, பாரிஸ் பகுதி கொஞ்சம் இழுவை. ஓவியர்கள் பேரா வந்து விழும், கூகுள் பண்ணிக்கிட்டே படிச்சேன். வியன்னா வந்துட்டா கீழே வைக்க முடியாது. படங்களோட ஒரு பதிப்பும் இருக்கு, கிடைச்சா அதை வாங்குங்க. அந்த முயலோட கண்ணைப் பார்த்துட்டுப் படிக்கிறது வேற மாதிரி இருக்கும்.